புகலிடம் கேட்பவரின் பொறுப்பு எந்த நாட்டுக்கு? ஐரோப்பியப் பங்கீடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பாவில் வாழும் தமிழர் வீடுகளில் 'டப்ளின் கேஸ்' என்ற சொல் புதிதன்று. ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் சட்டம் எதற்காக வந்தது, நாடுகள் ஏன் ஆண்டுக்கணக்கில் அதைப் பற்றிச் சண்டையிடுகின்றன என்று கேட்டால் ஆளுக்கொரு விளக்கம் கிடைக்கிறது. தமிழ்ப் பள்ளி வாசலிலும் ஊரிலிருந்து வரும் தொலைபேசியிலும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த ஐயங்களைக் கேட்டவர்களின் சொற்களிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். இது பொது விளக்கம் மட்டுமே. சொந்த வழக்கு உள்ளவர் தம் வழக்கறிஞரைத்தான் கேட்க வேண்டும்.

டப்ளின் அயர்லாந்தில இருக்கிற ஊர்தானே? அசைல் கேஸுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

ஊர் அதுதான். 1990 ஜூன் 15 அன்று அன்றைய ஐரோப்பியச் சமூக நாடுகள் அங்கே கையெழுத்திட்ட உடன்படிக்கைக்கு அந்த ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டது. 1997இல் நடைமுறைக்கு வந்த அந்த உடன்படிக்கை, 2003இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நேரடிச் சட்டமாகவும், 2013இல் 'டப்ளின் 3' என்ற திருத்திய சட்டமாகவும் மாறியது.

அதன் நோக்கம் சுருக்கமானது: ஒருவருடைய புகலிடக் கோரிக்கையை ஏதேனும் ஒரு நாடு கட்டாயம் விசாரிக்க வேண்டும், ஆனால் ஒரே ஒரு நாடு மட்டுமே விசாரிக்க வேண்டும். இந்தச் சட்டம் பொறுப்பாளி யார் என்று கண்டுபிடிப்பதற்காக எழுதப்பட்டது. சுமையைச் சமமாகப் பிரிப்பதற்காக யாரும் இதை எழுதவில்லை. பின்னால் வந்த சண்டைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு இடத்தில்தான் தொடங்குகின்றன என்பது என் எண்ணம்.

முதல்ல கால் வச்ச நாடுதான் பொறுப்புன்னு சொல்றாங்களே, அவ்வளவுதானா?

இல்லை. அது வரிசையில் பின்னால் வரும் விதி. தனியாக வந்த சிறுவர் என்றால் அவருடைய பெற்றோரோ உறவினரோ சட்டப்படி இருக்கும் நாடு முதலில் பார்க்கப்படும். அடுத்து, கணவன், மனைவி, பிள்ளைகள் ஏற்கெனவே பாதுகாப்புப் பெற்றோ விசாரணையிலோ இருக்கும் நாடு. அதற்கும் அடுத்து, விசாவோ வதிவிட அனுமதியோ கொடுத்த நாடு. பிரெஞ்சுத் தூதரகத்தில் விசா எடுத்து நேரே பிராங்க்பர்ட்டில் வந்திறங்கியவரின் பொறுப்பு, அவர் பிரான்சை விமானச் சாளரம் வழியாகக்கூடப் பார்த்திராதபோதும், பெரும்பாலும் பிரான்சையே சேரும்.

இவை எதுவும் பொருந்தாதபோதுதான் அனுமதியின்றி எல்லை கடந்து நுழைந்த முதல் நாடு என்ற விதி வரும். டப்ளின் 3இல் அது நுழைந்த நாளிலிருந்து 12 மாதங்கள் செல்லும். அதற்கும் ஆதாரம் இல்லையென்றால் முதலில் கோரிக்கை பதிவான நாடு. வரிசையில் பின்னால் இருந்தாலும் நடைமுறையில் அடிக்கடி கைக்கு வருவது நுழைந்த நாட்டு விதிதான். கடலோர நாடுகளின் கோபத்துக்கு அதுவே காரணம்.

இத்தாலியில ஃபிங்கர் எடுத்திட்டாங்கள். இனி ஜெர்மனியில அசைல் அடிக்கேலாதோ?

கோரிக்கை வைக்கலாம். வைத்த உடனே உங்கள் கைரேகை யூரோடாக் என்ற பொதுத் தரவுத்தளத்தில் ஒப்பிட்டுப் பார்க்கப்படும். 2003 ஜனவரியிலிருந்து இயங்கும் அதில் இதுவரை 14 வயது நிரம்பியவர்களின் ரேகை பதிவானது. புதிய சட்டம் அந்த வயதை 6 ஆகக் குறைத்திருக்கிறது. இத்தாலியில் ரேகை இருப்பது தெரிந்தால் ஜெர்மனி உங்கள் கதையைக் கேட்பதற்கு முன்பே இத்தாலிக்கு ஒரு வேண்டுகோள் அனுப்பும். உங்கள் கோரிக்கை நியாயமானதா என்ற கேள்வியே அந்தக் கட்டத்தில் எழாது. 'கேஸை ரிஜெக்ட் பண்ணிட்டாங்கள்' என்று பலர் சொல்வது உண்மையில் இந்தக் கட்டத்தைத்தான்.

டப்ளின் 3இன்படி இத்தாலி உரிய கெடுவுக்குள் பதில் சொல்லாவிட்டால் மௌனம் சம்மதமாகக் கொள்ளப்படும். அதன்பின் ஆறு மாதத்துக்குள் ஆளை அனுப்பியாக வேண்டும். தவறினால் பொறுப்பு ஜெர்மனிக்கே வந்துவிடும். ஆள் தலைமறைவானால் அந்த ஆறு மாதம் பதினெட்டு மாதமாக நீளும். ஜெர்மன் தேவாலயங்கள் சிலருக்கு உள்ளேயே தங்க இடம் கொடுப்பது இந்த ஆறு மாதத்தை மனத்தில் வைத்துத்தான்: முகவரியை அதிகாரிகளுக்குத் தெரிவித்துவிடுவதால் அது தலைமறைவு ஆகாது, காவல்துறையும் வழக்கமாகத் தேவாலயத்துக்குள் நுழைவதில்லை. தவிர, எந்த நாடும் தானாக விரும்பி ஒரு வழக்கை ஏற்றுக்கொள்ள 17ஆவது பிரிவு இடம் தருகிறது. 2015 ஆகஸ்டில் சிரியர்கள் விஷயத்தில் ஜெர்மனி அதைத்தான் செய்தது.

அப்படின்னா எல்லாரையும் இத்தாலிக்கும் கிரீஸுக்கும் திருப்பி அனுப்பிடுறாங்களா?

தாளில் அப்படித்தான் தோன்றும். 2023இல் ஜெர்மனி பிற நாடுகளுக்கு அனுப்பிய வேண்டுகோள்கள் சுமார் 74,600. உண்மையில் விமானமோ பேருந்தோ ஏற்றி அனுப்பப்பட்டவர்கள் ஏறத்தாழ 5,000 பேர். இத்தாலி 2022 டிசம்பரில் வரவேற்பு முகாம்களில் இடமில்லை என்று ஒரு கடிதம் எழுதி, இப்படித் திருப்பி அனுப்பப்படுவோரை ஏற்பதை நிறுத்திவிட்டது. கிரீஸுக்கு அனுப்புவது 2011இலிருந்தே ஆண்டுக்கணக்கில் நின்றிருந்தது. காரணம் கீழே ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பற்றிய பதிலில் இருக்கிறது.

மீதிப் பேர் நீதிமன்றத் தடை, நோய், கெடு முடிந்துபோதல், ஆள் வேறிடம் போய்விடுதல் எனப் பல காரணங்களால் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஆயிரக்கணக்கான அதிகாரிகளின் உழைப்பைத் தின்று இவ்வளவு குறைந்த பயனைத் தரும் சட்டம் வேறு ஏதேனும் ஐரோப்பாவில் உண்டா என்று தெரியவில்லை.

உண்மையில யாருக்குப் பாரம் கூட? இத்தாலியும் அழுகுது, ஜெர்மனியும் அழுகுது.

இருவர் சொல்வதும் பொய்யன்று. இருவரும் வெவ்வேறு கணக்கைப் பார்க்கிறார்கள். சுமார் 6,000 பேர் வாழும் லம்பெதூசா என்ற இத்தாலியத் தீவு, சிசிலியைவிடத் துனிசியாவுக்கு அருகில் கிடக்கிறது. 2023 செப்டம்பரில் இரண்டு நாளுக்குள் அந்தத் தீவின் மக்கள்தொகையை மிஞ்சும் அளவுக்குப் படகுகளில் ஆட்கள் வந்திறங்கினார்கள். சில நூறு பேருக்காகக் கட்டப்பட்ட முகாமுக்கு வெளியே, சாலையோரத்தில் அவர்கள் படுத்துக் கிடந்தனர். வந்திறங்குவோர் கணக்கில் பாரம் இத்தாலிக்கும் கிரீஸுக்கும் ஸ்பெயினுக்கும்.

கோரிக்கை பதிவாகும் கணக்கில் படம் மாறிவிடும். 2015இல் ஒன்றியம் முழுவதும் முதன்முறையாகப் புகலிடம் கேட்ட ஏறத்தாழ 12.5 லட்சம் பேரில் 4.4 லட்சம் பேர் ஜெர்மனியில் பதிந்தார்கள். மக்கள்தொகைக்கு ஏற்ற விகிதம் பார்த்தால் 2023இல் முதலிடம் சைப்ரஸுக்கு. முதல் நுழைவு விதி இருப்பதால் கடலோர நாடுகளுக்குக் கைரேகை எடுக்காமல் கண்ணை மூடிக்கொள்ள ஒரு தூண்டுதல் எப்போதும் இருந்தது. அந்த மூடிய கண்ணைத்தான் வடக்கு நாடுகள் ஏமாற்று என்கின்றன.

2015இல ஆட்களைப் பிரிச்சு எடுக்கிறதா ஒரு திட்டம் போட்டாங்களே, அது என்ன ஆச்சு?

அதுதான் ஐரோப்பா முதன்முதலாகக் கட்டாயப் பங்கீட்டுக்குக் கை வைத்தது. 2015 செப்டம்பர் 14 அன்று 40,000 பேர், 22 அன்று 1,20,000 பேர், ஆக 1,60,000 பேரை, ஆட்கள் முதலில் வந்துசேரும் 'முன்னணி' எல்லை நாடுகளிலிருந்து மற்ற நாடுகள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவானது. இரண்டாவது முடிவு ஒருமித்து எடுக்கப்படவில்லை, பெரும்பான்மை வாக்கால் எடுக்கப்பட்டது. ஹங்கேரி, செக் குடியரசு, சுலோவாக்கியா, ருமேனியா எதிர்த்து வாக்களித்தன. பின்லாந்து விலகி நின்றது. ஒருவரை ஏற்கும் நாட்டுக்கு ஒன்றிய நிதியிலிருந்து 6,000 யூரோ.

அக்டோபர் 9 அன்று ரோம் நகரின் சாம்பீனோ விமான நிலையத்திலிருந்து 19 எரித்ரியர்கள் சுவீடனின் லூலியோவுக்குப் பறந்தார்கள். ஆர்க்டிக் வட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊருக்கு, செங்கடல் பக்கத்திலிருந்து வந்தவர்களை அனுப்பிவைத்த அந்தப் படங்கள் எல்லாத் தொலைக்காட்சியிலும் வந்தன. இரண்டு ஆண்டுத் திட்டத்தின் கடைசியில் இடம் மாறியவர்கள் மொத்தம் சுமார் 34,700 பேர்.

ஹங்கேரியும் போலந்தும் மறுத்ததாலதான் அது தோத்துப் போச்சு, சரிதானே?

பாதி சரி. ஹங்கேரியும் போலந்தும் ஒருவரைக்கூட எடுக்கவில்லை. செக் குடியரசு 12 பேரை எடுத்தது. ஆனால் பலரும் மறந்துவிடும் ஒன்று உண்டு. 1,20,000 பேரில் 54,000 பேர் ஹங்கேரியிலிருந்தே எடுக்கப்பட வேண்டியவர்கள். அதாவது ஹங்கேரிக்கு அந்தத் திட்டம் ஓர் உதவி. தன்னை 'முன்னணி நாடு' என்று ஒப்புக்கொள்ளவும், பங்கீடு என்ற கொள்கையை ஏற்கவும் மனமில்லாமல் அது அந்த உதவியையே வேண்டாம் என்றது. போலந்தோ முதலில் ஆதரித்து வாக்களித்துவிட்டு, அடுத்த தேர்தலில் ஆட்சி மாறியதும் பின்வாங்கியது.

மறுபாதிக் காரணம் திட்டத்துக்குள்ளேயே இருந்தது. ஒன்றிய அளவில் 75 சதவீதத்துக்குக் குறையாமல் புகலிடம் கிடைக்கும் நாட்டினர் மட்டுமே தகுதி பெற்றார்கள்: முக்கியமாகச் சிரியர், எரித்ரியர், சில காலம் ஈராக்கியர். இத்தாலியில் இறங்கிக்கொண்டிருந்த நைஜீரியரும் காம்பியரும், கிரீஸில் இருந்த ஆப்கானியரும் அதில் சேரவில்லை; இலங்கையரும் அந்தப் பட்டியலில் இல்லை. அனுப்பப்பட்டவர்களிலும் ஒரு பகுதியினர், குறிப்பாக லாத்வியா போன்ற சிறிய நாடுகளுக்குப் போனவர்கள், உதவித்தொகையும் வேலையும் போதாமல் ஜெர்மனிக்குக் கிளம்பிவிட்டார்கள்.

கோர்ட் ஒண்டும் செய்யேல்லையோ?

செய்தது, ஆனால் தாமதமாக. சுலோவாக்கியாவும் ஹங்கேரியும் தொடுத்த வழக்கை 2017 செப்டம்பரில் லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தள்ளுபடி செய்து, பங்கீட்டு முடிவு செல்லும் என்றது. 2020 ஏப்ரல் 2 அன்று போலந்து, ஹங்கேரி, செக் குடியரசு மூன்றும் கடமை தவறின என்று தீர்ப்பளித்தது. அதற்குள் திட்டம் முடிந்து இரண்டரை ஆண்டு ஆகியிருந்தது. எடுக்க வேண்டிய ஆள் யாரும் காத்திருக்கவில்லை.

2024 ஜூனில் ஹங்கேரிக்கு விதிக்கப்பட்ட 20 கோடி யூரோ அபராதத்தையும் நாளொன்றுக்கு 10 லட்சம் யூரோ தண்டத்தையும் பலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது எல்லையில் கோரிக்கை வைக்கவே விடாமல் தடுத்ததற்கானது, பங்கீட்டை மறுத்ததற்கானதன்று.

வேற நாட்டுக்குத் திருப்பி அனுப்பினா, அந்த நாடு நேரா ஊருக்கே அனுப்பிடாதா? அதுக்கு யார் பொறுப்பு?

இந்தக் கேள்வியை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் முதலில் எழுப்பியவர்களில் ஓர் இலங்கைத் தமிழரும் உண்டு. வழக்கில் அவர் பெயர் டி.ஐ. என்ற முதலெழுத்துகள் மட்டுமே. ஜெர்மனியில் கோரிக்கை மறுக்கப்பட்டு 1997இல் பிரிட்டனுக்குப் போனவரை டப்ளின் உடன்படிக்கையின்படி ஜெர்மனிக்கே அனுப்ப பிரிட்டன் முடிவு செய்தது. அரசு அல்லாத ஆயுதக் குழுவிடமிருந்து வரும் ஆபத்தை ஜெர்மனி அன்று புகலிடக் காரணமாக ஏற்கவில்லை. அதனால் அங்கே போனால் கொழும்புக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது அவர் அச்சம். 2000 மார்ச் 7 அன்று நீதிமன்றம் அவருடைய மனுவை ஏற்கவில்லை. ஜெர்மனியில் வேறு பாதுகாப்பு வழிகள் உண்டு என்றது. ஆனால் டப்ளினைக் காட்டி அனுப்பும் நாடு தன் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்ற வரியையும் எழுதிவைத்தது. அவர் தோற்றார், அந்த வரி பின்னால் வந்தவர்களுக்குக் கைகொடுத்தது.

2011 ஜனவரி 21 அன்று, கிரீஸ் வழியாக வந்த ஓர் ஆப்கானிய மொழிபெயர்ப்பாளரை ஏதென்ஸுக்குத் திருப்பி அனுப்பிய பெல்ஜியமும், அவரை அடைத்துவைத்துப் பிறகு பூங்காவில் படுக்க விட்ட கிரீஸும் இரண்டுமே குற்றவாளிகள் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிரீஸுக்கான திருப்பி அனுப்பல் அதோடு நின்றது. 2014இல், ஆறு பிள்ளைகள் உள்ள ஓர் ஆப்கானியக் குடும்பத்தை இத்தாலிக்கு அனுப்புவதற்கு முன் அந்தக் குடும்பத்துக்கென்று இத்தாலியிடம் உறுதிமொழி வாங்க வேண்டும் என்று சுவிட்சர்லாந்துக்குச் சொன்னது.

உக்ரேன்காரருக்கு மட்டும் இந்த டப்ளின் எல்லாம் இல்லையே, ஏன்?

அவர்களுக்கு வேறு சட்டம். பால்கன் போர்களுக்குப் பிறகு 2001இல் எழுதப்பட்டு, இருபது ஆண்டுகளாக ஒருமுறைகூடப் பயன்படாமல் கிடந்த தற்காலிகப் பாதுகாப்பு நெறிமுறையை 2022 மார்ச் 4 அன்று ஒன்றியம் எடுத்தது. தனி விசாரணை கிடையாது, வந்தவுடன் வேலை செய்யும் உரிமை, எந்த நாட்டில் தங்குவது என்பதை வருபவரே தேர்ந்தெடுக்கலாம். 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்படித் தாங்கப்பட்டார்கள்.

இதில் பாகுபாடு இருக்கிறது என்ற குறை நியாயமானது. ஆனாலும் பங்கீடு பற்றிப் பேசுகிறவர்கள் இந்த அனுபவத்தை நின்று பார்க்க வேண்டும்: ஆட்களைக் கணக்கிட்டுப் பிரிக்காமல், உறவும் வேலையும் இருக்கும் இடத்துக்கு அவர்களையே போகவிட்டபோது, 2015இன் எண்ணிக்கையைப் போல் மூன்று மடங்கு கூட்டத்தை ஐரோப்பா பெரிய கூச்சல் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. ஜெர்மனியிலும் போலந்திலும் பாரம் கூடியது உண்மை.

புதுச் சட்டம் வந்து டப்ளினைத் தூக்கிட்டாங்கன்னு சொல்றாங்களே?

பெயரைத் தூக்கினார்கள், உள்ளே இருப்பது பெரும்பாலும் அதேதான். 2024 மே 14 அன்று நிறைவேறிய குடிபெயர்வு, புகலிட உடன்படிக்கை 2026 நடுப்பகுதியிலிருந்து நடைமுறைக்கு என்று வைக்கப்பட்டது. ஹங்கேரியும் போலந்தும் எதிர்த்து வாக்களித்தன. முதல் நுழைவு நாட்டின் பொறுப்பு 12 மாதத்திலிருந்து 20 மாதமாகக் கூடியது. தலைமறைவானவரை அனுப்பும் கெடு மூன்று ஆண்டாக நீண்டது. ஆக, முன்பு சொன்ன கடலோர நாடுகளின் பாரம் இந்தப் பக்கத்தில் ஏறியிருக்கிறது. உடன்பிறந்தவர்களையும் குடும்பம் என்று கொள்ளும் முன்மொழிவு பேச்சுவார்த்தையில் விழுந்துவிட்டது. அண்ணனிடமும் அக்காவிடமும் போய்ச் சேரப் பார்க்கும் நம்மவர்களுக்கு அது பெரிய இழப்பு. ஓர் உறுப்பு நாட்டில் படித்துப் பட்டம் வாங்கியவருக்கு அந்த நாடு பொறுப்பாகலாம் என்ற புதிய விதி மட்டும் சேர்ந்திருக்கிறது.

மறுபக்கம், அந்தப் பாரத்தில் மற்ற நாடுகள் பங்கெடுக்க ஆண்டுதோறும் ஒரு கூட்டுப்பொறுப்புத் தொகுப்பு. சட்டத்தில் அதற்கு அடிப்படையாகக் குறித்த அளவு 30,000 ஆட்களும் 60 கோடி யூரோவும். ஒவ்வொரு நாட்டின் பங்கும் பாதி மக்கள்தொகையையும் பாதி பொருளாதார அளவையும் வைத்துக் கணக்கிடப்படும். 2026க்கான முதல் தொகுப்பு 21,000 ஆட்கள், 42 கோடி யூரோ என்று 2025 டிசம்பரில் முடிவானது. அதில் உதவி பெறத் தகுதியுள்ளவை சைப்ரஸ், கிரீஸ், இத்தாலி, ஸ்பெயின்.

ஆளை எடுக்காம காசு கட்டலாமாம். மனுசனுக்கு விலை வைக்கிறதா இது?

ஒருவரை எடுக்காததற்கு ஈடாக 20,000 யூரோ என்பது கணக்கிடும் அளவு. ஆளை எடுப்பது, பணம் தருவது, அதிகாரிகளையும் கருவிகளையும் அனுப்புவது என்ற மூன்றில் எதை எடுப்பது என்பது அந்தந்த நாட்டின் விருப்பம். ஒன்றுமே தராமல் இருப்பதுதான் கூடாது. 2015இல் கட்டாயப்படுத்திக் கிடைத்த அனுபவத்திலிருந்து பிறந்த சமரசம் இது. 'விலை' என்ற சொல் உறுத்துகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விருப்பமில்லாத நாட்டின் முகாமில் ஒரு குடும்பத்தைக் கொண்டுபோய்ப் போடுவதைவிட, விருப்பமுள்ள நாடு அந்தக் குடும்பத்தைப் பார்த்துக்கொள்ளப் பணம் வாங்குவது அந்தக் குடும்பத்துக்கு நல்லது. என் மனக்குறை வேறு: அந்தப் பணம் ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாடுகளில் ஆட்களைத் தடுத்து நிறுத்தும் திட்டங்களுக்கும் போகலாம் என்று சட்டம் இடம் விட்டிருக்கிறது. அதைப் பாரம் பகிர்தல் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

ஜெர்மனி ஒருத்தரையும் இத்தாலியில இருந்து எடுக்காமலே கணக்கை முடிக்கலாமாமே, அது எப்படி?

பொறுப்பு ஈடு என்ற வழியால். மேலே பார்த்தபடி, இத்தாலி ஏற்க வேண்டிய ஆயிரக்கணக்கானோர் ஏற்கெனவே ஜெர்மனியில் இருக்கிறார்கள், அவர்களை அனுப்பவும் முடியவில்லை. அவர்களுடைய வழக்குகளை ஜெர்மனியே விசாரித்தால், அந்த எண்ணிக்கையைத் தன் பங்கில் கழித்துக்கொள்ளலாம். விமானம் பறக்காது, யாரும் இடம் மாற மாட்டார்கள், ஆனால் ஏட்டில் பகிர்வு நடந்திருக்கும். கேலிக்கூத்துப் போலத் தோன்றினாலும், ஏற்கெனவே மொழி கற்கத் தொடங்கிவிட்டவரை மீண்டும் பெயர்க்காமல் இருப்பதால், வழிகளில் இதுதான் மனிதருக்கு நெருக்கமானது என்று சொல்வேன்.

சுவிஸ், நோர்வே, இங்கிலாந்து எல்லாம் இதுக்குள்ள வருமோ?

சுவிட்சர்லாந்து, நோர்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் நான்கும் ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் டப்ளின் விதிகளிலும் யூரோடாக்கிலும் சேர்ந்தவை. கூட்டுப்பொறுப்புத் தொகுப்பில் சேரும் கட்டாயம் அவற்றுக்கு இல்லை. டென்மார்க்கும் ஏறக்குறைய அப்படித்தான். பிரிட்டன் 2020 இறுதியோடு வெளியேறிவிட்டது. கலே கடற்கரையிலிருந்து சிறு படகில் வருவோரைத் திருப்பி அனுப்ப அதற்கு டப்ளின் இல்லை என்பதால் 2025இல் பிரான்சோடு தனியாக, ஒருவரை அனுப்பினால் ஒருவரை ஏற்பது என்ற சோதனை உடன்பாடு செய்தது.

ஜெர்மனிக்குள்ள மாநிலத்துக்கு மாநிலம் பிரிச்சுக்கிறாங்களே, அதையே ஐரோப்பா முழுக்கச் செஞ்சா என்ன?

ஜெர்மனியில் அதற்குக் கியோனிக்ஸ்டைன் அளவுகோல் என்று பெயர். மூன்றில் இரண்டு பங்கு வரி வருமானம், ஒரு பங்கு மக்கள்தொகை. 1949இல் ஆராய்ச்சி நிறுவனங்களின் செலவை மாநிலங்கள் பிரித்துக்கொள்ள உருவான அந்தச் சூத்திரம் இன்று மனிதர்களைப் பிரிக்கிறது. நார்த் ரைன் வெஸ்ட்பாலியாவுக்கு ஐந்தில் ஒருவர், பிரேமனுக்கு நூற்றில் ஒருவர். கணினி சொல்லும் ஊருக்குப் போக வேண்டும். மாமா கொலோனில் இருக்கிறார் என்றால் கேட்காது.

அது ஓடுவதற்குக் காரணம் சூத்திரத்தின் திறமை அன்று. பிரேமனிலும் பவேரியாவிலும் புகலிட வழக்கை விசாரிப்பது ஒரே மத்திய அலுவலகம், தோராயமாக ஒரே உதவித்தொகை, தோற்றால் ஏறும் படிக்கட்டும் ஒன்றே. ஐரோப்பாவில் ஒரே ஆப்கானியருக்கு ஒரு நாட்டில் பாதுகாப்பும் இன்னொரு நாட்டில் மறுப்பும் கிடைக்கிறது. அந்த வேறுபாடு இருக்கும்வரை எந்த நாட்டுக்கு அனுப்பப்படுகிறோம் என்பது வருபவருக்கு முகவரிப் பிரச்சினையாக இருக்காது, தலையெழுத்தாகவே இருக்கும். அதனால் அவர்கள் நடந்துகொண்டே இருப்பார்கள்.

இப்ப ஜெர்மன் போலீஸ் பார்டர்லயே திருப்பி அனுப்புதாம். டப்ளின் பார்க்கத் தேவையில்லையோ?

தேவை என்றுதான் நீதிமன்றம் சொன்னது. 2025 மே மாதம் போலந்திலிருந்து ரயிலில் வந்து பிராங்க்பர்ட் அன் டெர் ஓடர் நிலையத்தில் பிடிபட்ட மூன்று சோமாலியர்கள் அன்றே திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஜூன் 2 அன்று பெர்லின் நிர்வாக நீதிமன்றம், ஜெர்மன் மண்ணில் புகலிடம் கேட்டவருக்குப் பொறுப்பான நாடு எது என்று கண்டறியும் டப்ளின் விசாரணை நடத்தாமல் அனுப்பியது சட்டவிரோதம் என்றது. அரசு அதைத் தனி வழக்குக்கான தீர்ப்பு என்று விளக்கி எல்லை நடைமுறையைத் தொடர்ந்தது. எல்லையில் நிற்கும் காவலரிடம் புகலிடம் என்ற சொல்லைத் தெளிவாகச் சொல்வதும், சொன்னது எழுத்தில் பதிவாகிறதா என்று பார்ப்பதும் இதனால் முன்னைவிட முக்கியமாகிவிட்டது. அந்த மூவரும் ரயில் நிலையத்திலேயே புகலிடம் கேட்டிருந்ததால்தான் வழக்கு நின்றது.